தலைகீழாக மாட்டிய சார்ட்

தம்பி, ஞாயிற்றுக்கிழமை நீ சென்னைக்குக் கிளம்புகிறாய். பெட்டி கட்டியாயிற்று. கீபோர்டைப் பழைய போர்வையில் சுற்றிக் கயிறு போட்டாயிற்று. ஆட்டோவுக்கு அப்பா சொல்லிவிட்டார், அதுவும் இரண்டு பேரிடம், ஒருத்தர் வராவிட்டால் இன்னொருத்தர் என்று. இந்த வீட்டில் யாரையும் நம்பாதவள் நான் ஒருத்திதான் என்று நீங்கள் இருவரும் சொல்லிச் சிரிப்பது எவ்வளவு நியாயம் என்று இதிலிருந்தே பார்த்துக்கொள். எனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. வாயால் சொன்னால், "அம்மா ஆரம்பிச்சிருச்சுப்பா" என்று நீ மாடிக்கு ஏறிவிடுவாய். அதனால் எழுதி, சாயங்காலக் காபி டம்ளருக்குக் கீழே வைக்கிறேன். உன் பாட்டு வகுப்பில் பிள்ளைகளை விட்டிருந்த அம்மாக்கள் யாராவது இதைப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

என் சந்தேகம் பிறவிக் குணம் இல்லை, சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து ஓய்வு பெறும்வரை ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கும் அறையில்தான் என் வாழ்க்கை போயிற்று. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உள்ளே நடப்பது காதில் விழும். முன்னால் போனவர் படித்த எழுத்துகளை முணுமுணுத்தபடியே அடுத்தவர் உள்ளே வருவார். ஒருமுறை துறையூர்ப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர், லைசென்ஸ் புதுப்பிக்க வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்ததும் கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்துவிட்டார். அவருக்கு முன்னால் போனவர் வெளியேறிய கையோடு நான் சார்ட்டை மாற்றியிருந்தேன். "அண்ணே, நீங்க படிச்சது கழட்டி வச்ச சார்ட்டுங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. "அவ்வளவு போயிருச்சாம்மா பார்வை?" என்று கேட்டார். அவர் என்னை ஏமாற்ற வந்தவர் இல்லை, தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு வந்தவர். அதற்கப்புறம், தடங்கல் இல்லாமல் வருகிற பதிலைக் கேட்டால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. சார்ட்டைத்தான் திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

உன்னையும் விட்டேனா? உனக்கு நாலு வயசு இருக்கும். முசிறி அத்தை வீட்டுக்குப் போக சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்போம். பச்சை நிறத் தனியார் பஸ் ஒன்று திரும்பி உள்ளே வரும்போதே நீ "முசிறி!" என்று கத்துவாய். அப்பா பக்கத்தில் நிற்பவர்களிடமெல்லாம், "பாருங்க, இன்னும் ஸ்கூல்லயே சேக்கல, போர்டு படிக்கிறான்" என்று பெருமை பேசுவார். எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. ஒருநாள் அதே பச்சை பஸ் துறையூர் போர்டோடு வந்தது. நீ அப்போதும் "முசிறி!" என்றாய். அப்பா முகம் விழுந்துவிட்டது. உன்னைத் தூக்கிப் போர்டுக்கு நேரே காட்டி, "மு எங்க இருக்கு, காட்டு" என்றேன். நீ பஸ்ஸின் பக்கவாட்டில் வரைந்திருந்த கிளியைக் காட்டினாய். பிள்ளைகள் பொய் சொல்வதில்லை, தம்பி. நாம் எதைக் கேட்டுச் சிரிக்கிறோமோ அதைக் கொடுத்துவிடுகிறார்கள். எப்படிக் கிடைத்தது என்று நாம் கேட்பதே இல்லை.

அப்பா ஆசைப்பட்டபடி நீ ஃபேக்டரி வேலைக்குப் போகவில்லை. இசை படித்தாய். ஸ்ரீரங்கத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. பாட்டோடு நிறுத்தாமல், அந்தக் குழந்தைகளுக்கு இசையை எழுத்தில் படிக்கவும் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்று நீ வந்து சொன்ன அன்று நான் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். "ஐந்து கோடு, அதன் மேலே புள்ளி. புள்ளி ஏறினா குரல் ஏறும், புள்ளி இறங்கினா குரல் இறங்கும், அவ்வளவுதாம்மா" என்றாய். "பாட்டு காது வழியா போறது. அதைக் கண்ணுக்கு எதுக்குக் கொண்டு வர்ற?" என்று கேட்டேன். நீ சொன்ன பதில் எனக்கு இன்னும் பிடிக்கும். "எழுத்து தெரிஞ்சவன் கதை கேக்க ஆள் தேட மாட்டான்லம்மா? அது மாதிரி, நான் இல்லாட்டியும் ஒரு புதுப் பாட்டை அவங்களே எடுத்துப் பாடணும்." பதில் நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததாலேயே எனக்கு ஒரு சின்ன உறுத்தல்.

என்னைவிடப் பெரிய சந்தேகக்காரர்கள் உனக்கு அங்கே காத்திருந்தார்கள். வகுப்புத் தரையில் கறுப்பு டேப்பால் ஐந்து கோடு ஒட்டி, பிள்ளைகளை அதன் மேல் தாவவிட்டு ச ரி க ம ப சொல்ல வைத்தாயே, அந்த வாரமே ஒரு அப்பா வந்து, "அஞ்சு கோடு போட்டா அது சர்ச் பாட்டுல்ல சார்?" என்று கேட்டார். அக்ரஹாரத்துப் பக்கத்து மாமி ஒருவர், "காதால கேட்டு வர்ற சங்கீதம் ஸார் இது. இதைக் கோட்டுல கட்டிப்போட்டா குழந்தேளுக்கு ஞானம் எப்படி வரும்?" என்றார். நீ இரண்டு பேருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாய். பள்ளிக்கூடத்துத் தாளாளருக்கு இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை. பெற்றோர் முன்னால் பிள்ளைகள் பாடிக் காட்ட வேண்டும், அந்தப் பாட்டு வகுப்பு நேரம் வீண் இல்லை என்று தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அந்த நேரத்தைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். உன் வேலையே அதில்தான் தொங்கியது.

அந்தப் பெற்றோர் நாள் உனக்கு நினைவிருக்கும். நான் ஓரத்தில் சுவரோடு ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நீ பெரிய சார்ட்டை மாட்டினாய். ஐந்து கோடு, கொட்டை கொட்டையாகக் கறுப்புப் புள்ளிகள், வார்த்தை எதுவும் இல்லை. குச்சியால் முதல் புள்ளியைத் தொட்டாய். மொத்த வகுப்பும் கணீரென்று ச ரி க பாடியது. கீழே தொடங்கி, மேலே ஏறி, மறுபடி கீழே வந்து முடிகிற அழகான பாட்டு. கைதட்டல் நிற்கவே இல்லை. சென்னையிலிருந்து வந்திருந்த ஒருவர், பள்ளிக்கூடங்களுக்கு இசைப் பாடத்திட்டம் விற்கிற கம்பெனிக்காரர், முழுவதையும் போனில் வீடியோ எடுத்தார். "இப்படிப் படிக்கிற புள்ளைங்களுக்குக் கணக்கு தானா வரும் மேடம்" என்று எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் சொன்னார். தாளாளர் உன் தோளில் கை போட்டார். நான் கைதட்டினேன், மறுக்கவில்லை. ஆனால் நான் காதால் கேட்கவில்லை, பழக்கதோஷம், கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கிற கண் நகரும். இடமிருந்து வலம் போகும், தயங்கும், திரும்பி வரும். அந்தக் குழந்தைகளின் கண்கள் நகரவே இல்லை. பாதிப் பேர் உன்னைப் பார்த்தார்கள். மீதிப் பேர் முன்வரிசையில் தொண்டை கிழியப் பாடிய ஹரீஷைப் பார்த்தார்கள். ஹரீஷ் தன் அம்மாவைப் பார்த்தான்.

கடைசி வரிசையில் ஒரு பெண் குழந்தை மட்டும் வேறு மாதிரி நின்றாள். கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, சார்ட்டையே பார்த்தாள். சத்தம் வரவில்லை. வாய் அசைந்தது, ஆனால் மற்ற வாய்களுக்குப் பின்னாலேயே அசைந்தது. இந்தப் பிள்ளைக்குப் பார்வை சரியில்லை என்று என் மனதில் எழுதிக்கொண்டேன்.

அன்று முழுவதும் நீ மிதந்துகொண்டிருந்தாய். பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி வந்து, காட்டூரில் இறங்கி நடக்கும்போதுதான் சொன்னேன். "தம்பி, அதுங்க படிக்கல. மனப்பாடம் பண்ணியிருக்குதுங்க." நீ நின்றுவிட்டாய். "உனக்கு எல்லாரும் பேஷண்ட்தானா? கொஞ்சம் சந்தோஷப்படவே தெரியாதாம்மா?" "சந்தோஷம் இருக்கட்டும். அந்த சார்ட்டைத் தலைகீழா மாட்டிப் பாரு." "அவ்வளவு பேரும் சிரிப்பாங்க, சார் தப்பா மாட்டிட்டாருன்னு." "சிரிச்சா நல்லது. நானே வந்து மன்னிப்புக் கேக்குறேன்." வீட்டுக்கு வந்து நீ சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். அப்பா என்னிடம், "ஒரு நாளாவது அவனை விடேன்" என்றார். விட்டிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டதைத் தெரியாத மாதிரி எப்படி வைத்துக்கொள்வது?

அடுத்த வாரம் நீயே கூப்பிட்டாய். "வந்து உக்காரு. நீயே பாத்துக்க" என்ற உன் குரலில் ஒரு சவால் இருந்தது. பிள்ளைகள் வரும் முன்பே சார்ட்டைத் தலைகீழாக மாட்டினாய். கோடுகள் அப்படியேதான் தெரிந்தன. ஆனால் கீழே தொடங்க வேண்டிய பாட்டு இப்போது மேலே தொடங்கி, கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறி முடிந்தது. கண் இருக்கிற யாரும் கவனிக்கலாம். பிள்ளைகள் வந்து நின்றார்கள். நீ குச்சியைத் தூக்கினாய். அந்த ஒரு நிமிஷம் உன் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்து, நான் தோற்றுப்போக வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். குச்சி முதல் புள்ளியைத் தொட்டதும், அவர்கள் கணீரென்று அதே பழைய பாட்டைப் பாடினார்கள். முதலிலிருந்து கடைசிவரை, ஒரு பிசிறு இல்லாமல். கடைசி வரிசைப் பெண் மட்டும் எதையோ புதிதாக, மேல் குரலில் தொடங்கினாள். சுற்றி இருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். நீ குச்சியை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாய். "நல்லா பாடினோமா சார்?" என்று ஹரீஷ் கேட்டான். "நல்லா பாடினீங்கடா" என்று நீ சொன்னாய். அதுவும் உண்மைதான், பாடினார்கள். படிக்கவில்லை.

அன்றைக்கு என்னிடம் நீ கேட்டது நினைவிருக்கிறதா? "அப்ப என்ன பண்ணச் சொல்ற? விட்டுறவா?" என்றாய். "எட்டு வயசுல இதெல்லாம் வராதோ என்னவோ. பாட்டு மட்டும் சொல்லிக்குடு" என்றேன். அது என் மனதிலிருந்து வந்த பதில்தான். ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு, அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியாது. ஆஸ்பத்திரியில் அது டாக்டர் வேலை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கடைசி வரிசைப் பெண்ணின் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்பது மட்டும். பெயர் தர்ஷினி என்றாய். அவள் எப்போதும் எல்லோருக்கும் பின்னால் இழுத்துப் பாடுவாள், மொத்தப் பாட்டும் கெடுகிறது, அதனால் பெற்றோர் நாளுக்கு மட்டும் வாயை அசைத்தால் போதும் என்று சொல்லியிருந்தேன் என்றாய். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளுடைய அம்மா செல்வி ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் டூவீலர் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிற வேலை பார்ப்பவள். நான் போய் விஷயத்தைச் சொன்னதும், வண்டிகளுக்கு நடுவில் நின்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எந்தக் கண்ணாடிக் கடைக்குங்க ஆள் புடிக்கிறீங்க?" என்றாள். நான் மியூசிக் சாரின் அம்மா என்றேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. "ஓ, அவரா! எம்பொண்ணுக்குக் குரல் சரியில்லன்னு வாயை மூடச் சொன்னவரு. இப்ப கண்ணும் நொள்ளைன்னு சொல்லி அனுப்பினாரா?" எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். "நீங்களே பக்கத்துல நில்லுங்க. என்னை நம்ப வேண்டாம், நான் செய்யறதைப் பாருங்க" என்றேன். ஒரு டோக்கனைக் கிழித்து யாருக்கோ நீட்டியபடி, "மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வர்றேன். அதுக்கு மேல நிக்க முடியாது" என்றாள்.

பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். காலி வகுப்பில் தர்ஷினியைக் கதவோரம் நிறுத்தி, என் பழைய அட்டையைக் கரும்பலகையில் வைத்துப் பிடித்தேன். மூன்று கால் நீட்டிய ஆங்கில ஈ எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரலால் காட்டச் சொல்லும் அட்டை. அதை மனப்பாடம் பண்ண முடியாது, நான் திருப்பிக்கொண்டே இருப்பேன். ஒரு கண்ணை மூடச் சொன்னேன், பிறகு அடுத்த கண்ணை. பொடி எழுத்துவரை ஒன்றையும் விடவில்லை அந்தக் குழந்தை. அவ்வளவு நல்ல பார்வையை நான் அதிகம் பார்த்ததில்லை. செல்வி கையைக் கட்டிக்கொண்டு, "இப்ப என்னங்க சொல்றீங்க?" என்றாள். பார்வை சரி என்றால் ஏன் கண்ணைச் சுருக்குகிறாள், ஏன் பின்தங்குகிறாள்? உன் சார்ட் இன்னும் தலைகீழாகவே தொங்கிக்கொண்டிருந்தது, நீ அதைத் தொடக்கூட இல்லை. "பாப்பா, அந்த முதல் புள்ளி தெரியுதா?" என்றேன். "தெரியுது. அது ப." "அடுத்தது?" அவள் சொல்லவில்லை, பாடினாள். மெல்லிய குரலில், ஒவ்வொரு புள்ளிக்கும் நின்று நின்று, மேலே தொடங்கிக் கீழே இறங்கினாள். செல்வி பதறிப்போனாள். "ஏய், என்னடி, பாட்டையே மாத்திப் பாடுற? சார் திட்டப்போறாரு." "சார்ட்டுல அப்படித்தாம்மா இருக்கு" என்றாள் தர்ஷினி.

எனக்கு இசை தெரியாது. அவள் பாடியது சரியா தவறா என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஏதோ வாய்க்கு வந்ததைப் பாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பினால் நீ வாசலில், டிபன் பாக்ஸைத் திறந்த கையோடு நின்றுகொண்டிருந்தாய். "இன்னொரு தடவை பாடும்மா" என்றாய். கீபோர்டுக்குப் போய் அவள் பாடப் பாட ஒவ்வொரு சுரமாக அழுத்திப் பார்த்தாய். பிறகு கரும்பலகையில் ஐந்து கோடு இழுத்து, உலகத்தில் யாரும் பாடியிராத ஒரு வரியை எழுதினாய். அவள் கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, மெதுவாகப் படித்தாள். அழித்துவிட்டு வேறு எழுதினாய். அதையும் படித்தாள். ஒரு இடத்தில் தப்பு செய்து, தானே நின்று, திரும்பிப் போய்த் திருத்திக்கொண்டாள். அப்போதுதான் நீ அந்தக் குட்டி பெஞ்சில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்துவிட்டாய். "அப்ப ஏம்மா எப்பவும் லேட்டா பாடுவ?" என்று கேட்டாய். அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குப் பாட்டு ஞாபகம் இருக்காது சார். அதான் பாத்துப் பாடுறேன். அதுக்குள்ள அவங்க போயிடுறாங்க."

நான் எத்தனையோ பேரின் கண்ணைப் பார்த்தவள், எனக்கு அது தோன்றவே இல்லை. நல்ல காது உள்ள பிள்ளைகளுக்குப் படிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஒருமுறை கேட்டால் போதும், ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத ஒருத்தி, வேறு வழியில்லாமல், நீ தரையில் டேப் ஒட்டிச் சொல்லிக்கொடுத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் படிக்கத் தெரிந்த ஒரே பிள்ளையை வாயை மூடச் சொல்லியிருந்தோம். நீ அவள் முன்னால் குனிந்து, "நான்தான் தப்பா சொல்லிட்டேன்மா. இனிமே சத்தமாப் பாடு" என்றாய். "நெசமா சார்?" என்று கேட்டாள். அந்தச் சந்தேகத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது நீதான். செல்வி தலைப்பால் குழந்தையின் முகத்தைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் நீ செய்த காரியத்துக்கு உன்னை நான் இதுவரை பாராட்டவில்லை. பாராட்டு என் வாயில் சுலபமாக வராது. நீ தாளாளரிடம் போய், பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியவில்லை, பெற்றோர் நாளில் பார்த்தது மனப்பாடம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னாய். "யாருக்குத் தெரியப்போகுது தம்பி? எல்லாருக்கும் சந்தோஷம். நீங்க ஏன் கெடுத்துக்கிறீங்க?" என்று அவர் கேட்டதாக வந்து சொன்னாய். வேலை போய்விடும் என்று அப்பா பயந்தார். நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். கடைசியில் தாளாளர் வாரத்தில் ஒரு பாட்டு வகுப்பைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஆண்டு இறுதிவரை உனக்கு விட்டார். நீ ச, ப என்று இரண்டே சுரத்திலிருந்து மறுபடி தொடங்கினாய். ஒரே வரியை இரண்டு தடவை காட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டாய். பாடுவதற்கு முன் நீ பாடிக் காட்டுவதும் இல்லை. பாவம், ஹரீஷ் தடுமாறினான். எப்போதும் முதலில் நின்றவனுக்கு முதன்முதலாக வழி தெரியவில்லை, ஒருநாள் அழுதான். "போன டெர்ம் அழகா பாடிக்கிட்டிருந்தான் சார், இப்ப வீட்ல ச, ப, ச, ப-ன்னு கத்துறான். என்ன சொல்லிக் குடுக்கிறீங்க?" என்று அவன் அம்மா வந்து சண்டை போட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. பார்க்க எதுவுமே இல்லாத மாதங்கள் அவை. நீ வீட்டில் யாரிடமும் பேசாமல் சாப்பிட்டுப் படுப்பாய். எனக்கோ, இது தேறுமா என்று ஒவ்வொரு நாளும் சந்தேகம்.

ஆண்டு இறுதியில் மறுபடி பெற்றோர்கள் வந்தார்கள். நீ சார்ட் எதுவும் கொண்டுவரவில்லை. கரும்பலகையில் ஐந்து கோடு மட்டும் இழுத்து, சாக்பீஸை நீட்டி, "உங்கள்ல யாராவது வந்து எங்க வேணா புள்ளி வைங்க" என்றாய். யாரும் எழவில்லை. பின்னாலிருந்து செல்வி வந்தாள். வேலையில் அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள், கழுத்தில் டோக்கன் பை அப்படியே இருந்தது. "முன்னாடியே பேசி வச்சிருப்பீங்கன்னு யாரும் சொல்லக் கூடாதுல்ல? நான் வைக்கிறேன்" என்றாள். அவளுக்கு இசை என்ன தெரியும்? மேலே ஒன்று, அடியில் ஒன்று, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு, திடீரென்று உச்சியில் ஒன்று என்று கோலப்புள்ளி மாதிரி வைத்துவிட்டுப் போனாள். நீ முதல் சுரத்தைக் கீபோர்டில் அழுத்தினாய். பிள்ளைகள் அமைதியாகப் பலகையைப் பார்த்தார்கள். இந்தத் தடவை கண்கள் நகர்ந்தன, நான் பார்த்தேன். தர்ஷினி முதலில் தொடங்கினாள். ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். எல்லோரும் இல்லை, பாதிப் பேர்கூட இல்லை. ஹரீஷ் இரண்டாவது சுரத்தில் நின்று, மூன்றாவதில் பிடித்துக்கொண்டான். பாட்டு என்று சொல்ல முடியாத பாட்டு அது. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறுகிற மாதிரி, காதுக்கு நன்றாகவே இல்லை. முடிந்ததும் கைதட்டல் வரவில்லை. பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்வி மட்டும் பலகையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "நான் வச்சதையா பாடுச்சுங்க?" என்று சத்தமாகவே கேட்டாள். பிறகு எழுந்து போய் ஒரு புள்ளியை அழித்து வேறு இடத்தில் வைத்து, "இப்பப் பாடுங்க" என்றாள். அவர்கள் மாற்றிப் பாடினார்கள். அந்த அறையில் என்னைப் போல ஒருத்தி இருந்தது எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா?

இப்போது அந்தச் சென்னைக் கம்பெனிக்காரர் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். ஊர் ஊராகப் போய் மற்ற டீச்சர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் வேலை. நல்ல வேலைதான். ஆனால் அவரை உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். முதல் பெற்றோர் நாளில் எடுத்த வீடியோவை, மூன்றாம் வகுப்பு சரளமாக இசை படிக்கிறது என்று போட்டு ஊரெல்லாம் பாடத்திட்டம் விற்றார். அந்த வீடியோவை நீக்கினால்தான் கையெழுத்து என்று நீ சொன்னபோது, "அது சும்மா மார்க்கெட்டிங் சார்" என்று நம் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டே சிரித்தார். நீ சிரிக்கவில்லை. இரண்டு வாரம் இழுத்தடித்துவிட்டு நீக்கினார்கள். நீக்கிவிட்டார்கள் என்று நீ நம்புகிறாய். வேறு பெயரில் எங்காவது ஓடுகிறதா என்று நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். போகிற இடமெல்லாம் உனக்குக் கணீரென்று பாடுகிற பிள்ளைகளைத்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அந்த டீச்சர்கள் கெட்டவர்களாக இருக்கமாட்டார்கள். நீ இருந்த மாதிரிதான், வேலையை நினைத்துப் பயந்தவர்களாக இருப்பார்கள். அதனால் எல்லோர் முன்னாலும் சார்ட்டைத் தலைகீழாகத் திருப்பி யாரையும் அவமானப்படுத்தாதே. நான் உன்னிடம் தனியாகத்தான் சொன்னேன். கடைசி வரிசைக்குப் போய் நில். யார் தாமதமாகப் பாடுகிறார்கள், ஏன் என்று கேள். சில சமயம் அந்தப் பிள்ளைக்கு நிஜமாகவே கண் சரியிருக்காது, அதையும் பார். உன்னை யாராவது ஒரேயடியாகப் புகழ்ந்தால், அன்றைக்கு எனக்கு போன் பண்ணு.

நேற்று ஸ்டேஷன் பக்கம் போயிருந்தேன். செல்வி ஒரு வண்டியைத் தள்ளி இடம் பண்ணிக்கொண்டே, "சார் போறாராமே?" என்றாள். ஆமாம் என்றேன். உனக்குப் பதிலாக ஒரு புது டீச்சர் சேர்ந்துவிட்டார் என்பதும், அவர் ரொம்ப நன்றாகப் பாடுவார், பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு பாட்டு வந்துவிட்டது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. சந்தோஷமாகச் சொல்லவில்லை. "அக்கா, எம்பொண்ணு மறுபடி பின்னாடி வரிசைக்குப் போயிருச்சு. அந்த டீச்சர்கிட்ட நான் சொன்னா எடுபடாது. சாரைச் சொல்லச் சொல்லுங்க, அது மெதுவாத்தான் பாடும், படிச்சுட்டுப் பாடும், அவசரப்படுத்த வேணாம்னு." நான் சொல்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. பெட்டியில் வைக்க மிச்சம் ஏதாவது இருந்தால் நான் வைக்கிறேன். நீ காலையில் ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடி. போனில் சொல்லாதே, நேரில் போ. புது டீச்சரைக் கடைசி வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போய், தர்ஷினிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, அப்புறம் சொல்.

அம்மா